எங்கே குறைவாகக் கண்டாலும்

தலைமை அலுவலகத்திலிருந்து நீங்கள் வந்து ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகிறது, மேடம். டீ ஆறிவிட்டது. வேண்டுமானால் வேறு கொண்டுவரச் சொல்கிறேன். இந்த அறையில்தான் நாங்கள் சாப்பிடுவோம். நாங்கள் என்றால், ஆளுக்கொரு முறை. என் முறை இரண்டரை மணி. அந்த நேரத்தில் வேறு யாருக்கும் முறை கிடையாது. எதிரில் இருக்கும் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். 'வாடிக்கையாளரின் கோரிக்கை நிறுவன விதிகளின்படி பரிசீலிக்கப்பட்டு மறுக்கப்பட்டது.' நல்ல வாக்கியம். நான் கையெழுத்துப் போட்டால் உங்கள் வேலையும் முடியும், என் வேலையும் போகாது. புகார் கொடுத்தவர் அந்த வேன்காரர் இல்லை, அவருக்குக் கீழ் வீட்டில் குடியிருப்பவர் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் வேன்காரரின் எண்ணிலிருந்து என் கவுன்ட்டருக்கு ஒரு போன் வந்திருக்கிறது, அதில் என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். என் வேலை என்னவென்று முதலில் சொன்னால்தான் அது புரியும்.

கடைக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் பெரிய பலகை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 'எங்கே குறைவாகக் கண்டாலும், அதே விலைக்கு இங்கே.' அதற்கு நேர் கீழே என் கவுன்ட்டர். பலகையின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் உண்டு. படிக்க வேண்டுமென்றால் ஏணி வேண்டும். ஒருவர் கோபத்தில் உண்மையாகவே ஏணி கேட்டார். ஏணிகள் இரண்டாவது மாடியில் விற்பனைக்கு இருப்பதாகச் சொன்னேன். கிண்டலாகச் சொல்லவில்லை. இருந்தன.

நிபந்தனைகள் எல்லாம் நியாயமானவைதான். அதே பொருளாக, அதே மாடல் நம்பராக, அதே நிறமாக இருக்க வேண்டும். அந்தக் கடையில் அன்றைக்கு ஸ்டாக் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று நானே போன் செய்து கேட்க வேண்டும். மாடல் நம்பர் விஷயம் வெளியில் பலருக்குத் தெரியாது. நம் நிறுவனம் பெரியது என்பதால், தயாரிப்பாளர்கள் நமக்கு அனுப்பும் பொருளுக்கு மட்டும் நம்பரின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் மோட்டார், கம்பி, திருகு எல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்த ஓர் எழுத்தால், எந்தக் கடையில் எதைக் கண்டாலும் அது நம்மிடம் இருக்கும் பொருள் ஆகாது.

எழுத்தும் தப்பித்தவறிப் பொருந்திவிட்டால் நிறம் இருக்கிறது. ஒரு மின்விசிறியை நான் அப்படித்தான் மறுத்தேன். அங்கே இருந்தது வெள்ளை, நம்மிடம் இருந்தது பால்வெள்ளை. அதைக் கேட்டவர், "ஏம்மா, மாட்டிச் சுத்தவிட்டா ரெண்டும் காத்துக் கலர்தானே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

மேலாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். "முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதம்மா, சண்டைக்கு வந்துடுவாங்க. 'இன்னைக்கு இல்லையாம், அப்புறம் பார்க்கலாம்'னு சொல்லு. ரெண்டு தடவை அலைஞ்சவன் மூணாந்தடவை வரமாட்டான். ஒண்ணு விட்டுடுவான், இல்ல நம்ம விலைக்கே வாங்கிட்டுப் போயிடுவான்." அது சரியாகவே இருந்தது. நம் கிளைகளிலேயே குறைவாக விட்டுக்கொடுத்த கவுன்ட்டர் என்று என் படத்தை லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார்கள். பில் போடும் பெண்கள் எனக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள். நான் காலையில் உள்ளே வரும்போது, "ஏய், பூட்டு வந்தாச்சு, கடையைத் திறங்கடி" என்பார்கள். என்னோடு சேர்ந்து சிரிக்க அவர்கள் அதைச் சொல்லவில்லை, ஆனாலும் நான் வந்ததை ஒருவர் கவனித்துச் சொல்வது அந்த ஒரு நேரத்தில்தான்.

மக்கள் கத்துவார்கள். ஏமாற்றுக்காரக் கடை என்பார்கள். ஒரு பெண் கண்ணீர் துளிர்த்த கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டிவிட்டுப் போனாள். எனக்கு அதெல்லாம் உறைக்காது. கத்துகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைக்கு மேல் இருக்கும் பலகையைப் பார்த்துத்தான் கத்துவார்கள்.

நான் படித்தது வேதியியல். ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். நேர்முகத் தேர்வுகளில் பதில் தெரிந்தாலும் எனக்குப் பேச வாய் வராது. இந்தக் கவுன்ட்டரில் பேச வேண்டிய வாக்கியங்களை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள் என்பதால் சேர்ந்தேன். அம்மா தம்பி வீட்டோடு இருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை பேசுவாள். "சாப்டியா?" என்பாள். "ம்" என்பேன். "சரி, வெச்சுடறேன், காசு ஏறும்" என்பாள். என் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்தால் திங்கட்கிழமை காலையில் குரல் கரகரக்கும். குளியலறையில், 'வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்' என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளைக் காலையில் விட்டபின் மத்தியானம்வரை அவருக்கு ஓய்வு. முதல் நாள் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வந்து, பக்கத்துத் தெருக் கடையின் விளம்பரத்தாளை என்முன் விரித்தார். "வேனை ஓரங்கட்டிட்டு வந்திருக்கேன் தங்கச்சி. அபராதம் போடறதுக்குள்ள பார்த்துச் சொன்னா புண்ணியமாப் போகும்."

இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்த செட். சின்ன நிறுவனம் தயாரிப்பது, அதனால் நமக்கென்று தனி எழுத்துச் சேர்க்க அவர்களுக்குத் தெரியவில்லை. மாடல் நம்பர் கடைசி இலக்கம்வரை பொருந்தியது. நிறம் கறுப்பு, நம்முடையதும் கறுப்பு. அவருக்கு வேன் கம்பெனி கொடுத்த தவணை அட்டை நம் கடையில் மட்டும்தான் செல்லும். நம் விலை அந்த அட்டையின் வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. அந்தக் கடையின் விலைக்கு நாம் கொடுத்தால் அட்டைக்குள் அடங்கிவிடும்.

"யாருக்குண்ணா?" என்று கேட்டேன். அச்சடித்துக் கொடுத்த வாக்கியங்களில் அது இல்லை.

"அக்காவுக்கு. நுரையீரல் சரியில்ல. ராப்பகலா மிஷின்தான். கரன்ட் போச்சுன்னா அது கீன்னு கத்தும். அக்கா என்னைப் பார்ப்பா, நான் சிலிண்டரைப் பார்ப்பேன். அது கூடிப்போனா மூணு மணி நேரம் தாங்கும்."

அந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் அது உறிஞ்சுகிறது, உள்ளே மணல் போன்ற ஒரு பொருள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் குழாய்க்கு வருகிறது என்றேன். சாவிக்கொத்து சுற்றுவது நின்றுவிட்டது.

"நம்ம வீட்டுக் காத்தேதானா அது? நான் உள்ள ஏதோ சரக்கு வெச்சு அனுப்பறாங்கன்னுல்ல நெனச்சேன். அக்காகிட்டச் சொன்னா, நம்ம காத்தை நமக்கே வித்துட்டாங்களேன்னு கத்துவா."

மூன்று வருடம் நான் படித்ததை ஒருவர் கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான்.

விதிப்படி அந்தக் கடைக்குப் போன் செய்தேன். போனை வைத்துவிட்டு, "இன்னைக்கு ஸ்டாக் இல்லையாம்ணா" என்றேன்.

அவர் கத்தவில்லை. பலகையைப் பார்க்கவில்லை. "சரி தங்கச்சி, உனக்கு எதுக்குச் சிரமம்? நாளைக்கு வந்து பார்க்கறேன்" என்றார்.

மறுநாள் வந்ததும் பேட்டரியைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா ஒண்ணு கேக்கச் சொன்னா. புடிச்சு வெச்ச நைட்ரஜன் என்ன ஆகுது? மிஷின் ரொம்பி வெடிச்சுடாதா?" மிஷின் அதைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே விட்டுவிடும் என்றேன். "அப்ப அதை அக்காவும் நானும்தான் மறுபடி இழுக்கறோமா? நல்ல குடும்பம் போ." அன்றைக்கும் போன் செய்தேன். இல்லையாம் என்றேன்.

அக்கா தினமும் ஒரு கேள்வி கொடுத்தனுப்பினாள். மீன் தண்ணீருக்குள் எதை மூச்சு விடுகிறது. மூக்கில் குழாய் இருந்தும் வெங்காயம் நறுக்கினால் ஏன் கண் எரிகிறது. மலைமேல் இருக்கிறவர்களுக்கு அவளைப் போல் மூச்சு வாங்குமா. புதுப் பேட்டரி வந்தால் அதை ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமா. வேண்டியதில்லை, பெட்டிக்குள் வரும்போதே பாதிக்குமேல் சார்ஜோடு வரும், அவசரத்துக்கு அப்படியே மாட்டலாம் என்று நான்தான் சொன்னேன். இரவில் பழைய பாடப்புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று பார்ப்பேன். அக்கா எனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்திருந்தாள். அவள் படிக்கட்டு இறங்கி இரண்டு வருடம் ஆகிறதாம். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பில் போடும் பெண் ஒருத்தி, "என்னடி பூட்டு, எல்லாரையும் ரெண்டு நாள்ல அனுப்பிடுவ, இந்த அண்ணனுக்கு மட்டும் இன்னும் சாவி தேடிட்டே இருக்க?" என்றாள். வேலை என்றேன்.

அவர் ஒருமுறை கேட்டார். "நேத்து அந்த வழியா வந்தேன் தங்கச்சி. கண்ணாடிக்குள்ள செட்டு நின்னுட்டுதான் இருக்கு." அது காட்சிக்கு வைத்திருப்பது, அதை விற்கமாட்டார்கள், விளம்பரம் போட்டு ஆளை வரவழைக்க அப்படிச் செய்வார்கள் என்றேன். "அடப்பாவிகளா, இப்படியுமா ஏமாத்துவாங்க?" என்று தலையை ஆட்டினார்.

இப்போது அந்தப் போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் உண்மையாகவே பேசினேன். "நாலு செட் இருக்கு, வரச் சொல்லுங்க" என்றார்கள். இல்லையாம் என்று நான் சொன்னது வேலைப் பழக்கத்தால். அதில் கெட்ட எண்ணம் இல்லை. இரண்டாவது நாளிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை. கடைசி இலக்கத்தை அழுத்தாமல் விட்டுவிட்டுக் காதில் வைத்துக்கொள்வேன். "வணக்கம் சார்... ஆமா சார், அந்தக் கறுப்பு செட்டு... எப்ப வரும் சார்?... சரிங்க சார்." எதிரில் அவர் ஆவலாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னால் அவ்வளவு சரளமாகப் பேச முடியும் என்று எனக்கே தெரியாது. மறுமுனையில் ஆள் இல்லாவிட்டால் எனக்கு நன்றாகப் பேச வருகிறது.

ஏன் என்று உங்கள் முகம் கேட்கிறது. யோசித்துப் பாருங்கள். நான் சம்மதம் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடத்தில் பில் போட்டு, பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு இந்தக் கவுன்ட்டரில் அவருக்கு என்ன வேலை? மின்விசிறி வாங்கியவர் யாராவது விலை கேட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறார்களா? "பேட்டரி மாட்டற அன்னைக்கு வீட்டுக்கு வா தங்கச்சி, அக்கா உன்னைப் பார்க்கணுங்கறா" என்று அவர் கூப்பிட்டதும் உண்மைதான். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் போவேன், ஒரு டீ குடிப்பேன், அதோடு முடிந்துவிடும். கவுன்ட்டர் என்றால் தினமும்.

அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்குமோ என்றும் நினைத்திருக்கிறேன். வேனில் வரும் ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவள் வீடு மூன்றாவது நிறுத்தம். சாயங்காலம் அந்த இடம் வரும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருப்பாளாம். வீட்டில் ஆறு மணிவரை யாரும் இல்லை. "நடிக்கறான்னு தெரியும். இமை துடிக்குமே! தெரியாத மாதிரி ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசியா எறக்கிவிடுவேன். பாவம், அதுக்குத்தான் வேற என்ன இருக்கு?" என்றார். சொல்லிவிட்டு, "சரி, அந்தக் கடைக்குப் போனைப் போடு தங்கச்சி" என்றார்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்தவர் சாவிக்கொத்தைச் சுழற்றவில்லை. "நாளைக்கு எங்க பக்கம் லைன் வேலையாம். ஒன்பதுலேர்ந்து பன்னெண்டுவரை கரன்ட் இருக்காது. சிலிண்டர் மூணு மணி நேரம் தாங்கும். சரியா இருக்கும்ல?"

"சரியா இருக்கும்ணா" என்றேன். கணக்குச் சரிதான். மூன்றுக்கு மூன்று.

திங்கட்கிழமை செட்டைக் கொடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், மேடம். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். முந்தின வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை அவர்கள் தெருவில் கரன்ட் பன்னிரண்டு மணிக்கு வரவில்லை. ஏதோ எரிந்துபோய்ச் சாயங்காலம்தான் வந்தது. ஆம்புலன்ஸ் வழியில் மாட்டிக்கொண்டது. லிஃப்ட் இல்லை. இவரும் கீழ் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இதெல்லாம் அவர் திங்கட்கிழமை சொன்னது.

ஆமாம், திங்கட்கிழமை வந்தார். வழக்கமான நேரத்துக்கு வந்து, கவுன்ட்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "மூணாம் மாடிக்கும் ரெண்டாம் மாடிக்கும் நடுவுல, கொஞ்சம் கீழ வைங்கடான்னு சைகை காட்டினா. வெச்சோம். எங்க நாலு பேருக்கும்தான் மூச்சு வாங்குதுன்னு பார்த்துட்டு நின்னோம். அவளுக்கு வாங்கலை."

அந்த நேரத்துக்கான வாக்கியம் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

"இனிமே பேட்டரி வேண்டாம் தங்கச்சி. அதைச் சொல்லத்தான் வந்தேன். இல்லாட்டி நீ பாட்டுக்குத் தினமும் அந்தக் கடைக்குப் போன் பண்ணிட்டே இருப்ப. சனிக்கிழமை போன்ல கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. நீ என்ன பண்ணுவ, உன்கிட்ட இருந்தாக் குடுத்திருக்க மாட்டியா?"

எனக்குள் என்ன ஓடியது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் வந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேனில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். "மறந்தே போயிட்டேன் பாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா ஒண்ணு கேக்கச் சொன்னா. டீச்சரம்மா வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு."

நிறைய பேர் என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. வேன் காலையில் கடையைத் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். அந்தச் சின்னப் பெண் எது என்று தெரியவில்லை.

என் தரப்பையும் நீங்கள் பார்க்க வேண்டும். நான் எந்த விதியையும் உடைக்கவில்லை. அந்தப் பலகையை நான் எழுதவில்லை. இதே கவுன்ட்டரில் நூறு பேரை நான் அலையவிட்டபோது படம் மாட்டினீர்கள். அவர்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டு வரவில்லை. அவரை மட்டும்தான் நான் பிரியத்தோடு அலையவிட்டேன்.

பேனாவை மூடிவிட்டீர்கள். அந்தப் போனை 'வழக்கமான ஸ்டாக் விசாரணை' என்று போட்டுக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். போதும்மா, நேரமாயிற்று, கையெழுத்தை மட்டும் போடு என்கிறீர்கள். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டேன். தேவைப்படாது என்றீர்கள். வேறு யாராவது வருவார்களா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்றீர்கள்.

உட்காருங்கள் மேடம். பையைக் கீழே வையுங்கள். சொல்கிறேன்.

பதினொன்றரை மணிக்குப் பேசினார். கரன்ட் சாயங்காலம்தானாம் என்றார். இனி விலையெல்லாம் பார்க்க வேண்டாம் தங்கச்சி, முதலாளியிடம் பணம் வாங்கிவிட்டேன், உங்கள் விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், கீழ் வீட்டுக்காரரை அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு வேனைக் கிளப்புகிறேன், பெட்டியை வாசலில் எடுத்துவைத்தால் போதும் என்றார். அந்தக் கடைதான் பக்கம், அங்கே ஸ்டாக் இருந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன் என்றார். பின்னால் மிஷின் கத்தவில்லை. அமைதியாக இருந்தது. ஒரு பெண் இருமுவது மட்டும் கேட்டது. நான் அவள் குரலைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பெட்டி என் கவுன்ட்டருக்குக் கீழே இருந்தது. அவருக்கென்று முதல் வாரமே எடுத்து வைத்திருந்தேன். என் கால் அதன்மேல்தான் இருந்தது.

இங்கேயும் ஸ்டாக் இல்லையே அண்ணா, திங்கட்கிழமை வாங்க என்று சொன்னேன்.